ஒரே கதை, இரண்டு பெயர்: மேஜிக் ட்ரீ ஹவுஸ் தலைப்புகள் பற்றி

அனுப்பானடி அம்மா எழுதியது:

வணக்கம். என் மகள் மூன்றாம் வகுப்பு படிக்கிறாள். மேஜிக் ட்ரீ ஹவுஸ் என்ற ஆங்கிலச் சிறுவர் கதைப் புத்தகங்கள் என்றால் உயிர். மதுரை புதுநத்தம் ரோட்டில் கலைஞர் நூற்றாண்டு நூலகம் வந்த பிறகு குழந்தைகள் பிரிவில் உட்கார்ந்து படிக்கப் பழகிக்கொண்டாள். இருந்தாலும் சொந்தமாக வைத்துக்கொள்ள நாலைந்து வேண்டும் என்கிறாள்.

போன சனிக்கிழமை டவுன்ஹால் ரோட்டுப் பக்கம் பழைய புத்தகங்களைக் கிளறியபோது 'வேலி ஆஃப் த டைனோசர்ஸ்' கிடைத்தது. அதே தொடர், ஆனால் பார்த்திராத பெயர். சந்தோஷமாக வாங்கினோம். பஸ் தெப்பக்குளம் தாண்டுவதற்குள் நாலு பக்கம் படித்துவிட்டு, "அம்மா, இது நம்மகிட்ட இருக்கிற கதை" என்றாள். வீட்டுக்கு வந்து 'டைனோசர்ஸ் பிஃபோர் டார்க்'கை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், ஆமாம். ஜாக், ஆனி, மரத்தின் மேல் புத்தகம் நிறைந்த வீடு, ஒரு படத்தைக் காட்டி அங்கே போக ஆசைப்படுவது, எல்லாம் அதேதான். அட்டையும் பெயரும்தான் வேறு.

காசு போனது பெரிதில்லை. அடுத்த முறை ஏமாறாமல் இருக்க வழி உண்டா என்பது முதல் கேள்வி. இரண்டாவது கேள்வி அவளுடையது. "நம்ம புத்தகத்துப் பேர்ல எல்லாம் ஒரு நேரம் வரும்மா. டார்க், டான், மார்னிங், நூன். இந்தப் பேர்ல நேரமே இல்லையே?" என்று கேட்டாள். நான் இத்தனை நாள் கவனிக்கவே இல்லை. அது உண்மையில் ஒரு விதியா, தற்செயலா?

கீழமாசி எழுதியது:

அக்கா, உங்கள் மகள் சரியாகப் பிடித்திருக்கிறாள். தற்செயல் இல்லை.

முதலில் இரட்டைப் பெயர் விஷயம். தொடர் அமெரிக்காவில் 1992-இல் தொடங்கியது, எழுதியவர் மேரி போப் ஆஸ்பர்ன். பிரிட்டனில் அதே கதைகளை வேறு பெயரில் போட்டார்கள். நம் ஊர்ப் பழைய புத்தகக் கடைகளுக்கு இரண்டு நாட்டுப் பதிப்பும் வந்து சேர்வதால் இந்தக் குழப்பம் எனக்கும் நடந்திருக்கிறது. 'த நைட் அட் டான்' (இந்த 'நைட்' இரவு இல்லை, குதிரைவீரன்) அங்கே 'காசில் ஆஃப் மிஸ்டரி'. 'மம்மீஸ் இன் த மார்னிங்' அங்கே 'சீக்ரெட் ஆஃப் த பிரமிட்'. 'பைரட்ஸ் பாஸ்ட் நூன்' அங்கே 'பைரட்ஸ் ட்ரெஷர்'. 'மிட்நைட் ஆன் த மூன்' அங்கே 'மூன் மிஷன்'. 'நைட் ஆஃப் த நிஞ்சாஸ்' மட்டும் இரண்டு இடத்திலும் ஒரே பெயர். கடையில் நின்றே முதல் இரண்டு பக்கத்தைப் படித்துப் பார்ப்பதுதான் பாதுகாப்பு.

இன்னொரு பொறியும் இருக்கிறது. முதல் 28 புத்தகம் ஒரு வரிசை. 29-ஆவதிலிருந்து மந்திரவாதி மெர்லின் அனுப்பி வைக்கும் பயணங்கள், கொஞ்சம் தடித்த புத்தகங்கள், அந்த எண்வரிசை 55 வரை போனது. 2017-இல் அந்த 27 புத்தகத்தையும் தனியாகப் பிரித்து ஒன்றிலிருந்து எண் போட்டார்கள். பழைய தொடரில் 29 காலியானது. அந்த இடத்தில் 'எ பிக் டே ஃபார் பேஸ்பால்' என்ற புதுக் கதை வந்தது. ஆக, பழைய பதிப்பில் 29 என்றால் 'கிறிஸ்மஸ் இன் கேமலாட்', புதிய பதிப்பில் 29 என்றால் பேஸ்பால். எண்ணை மட்டும் நம்பி வாங்காதீர்கள்.

இனி விதி. முதல் 12 புத்தகத்தின் அமெரிக்கப் பெயர்களைப் பாருங்கள். ஒன்றுவிடாமல் பொழுது இருக்கும்: டார்க், டான், மார்னிங், நூன், நைட், ஆஃப்டர்நூன், சன்செட், மிட்நைட், டேபிரேக், சன்டவுன், லஞ்ச்டைம், பெட்டைம். ஒரு முழு நாளையே சுற்றி வந்துவிட்டார். அதற்கு மேல் கிழமைகள் வருகின்றன. 'சிவில் வார் ஆன் சன்டே', 'ட்விஸ்டர் ஆன் டியூஸ்டே', 'தேங்க்ஸ்கிவிங் ஆன் தர்ஸ்டே'. கூடவே முதல் எழுத்து ஒத்து வரும். டைனோசர்ஸ்–டார்க், மம்மீஸ்–மார்னிங், லயன்ஸ்–லஞ்ச்டைம்.

விலகல்களும் உண்டு, மறைக்க வேண்டாம். 'நைட் அட் டான்' ஒத்து வரவில்லை. 'ஷேடோ ஆஃப் த ஷார்க்', 'ஹரிக்கேன் ஹீரோஸ் இன் டெக்சாஸ்' இரண்டிலும் ஒலி இருக்கிறது, பொழுது இல்லை.

அண்ணாநகர் அப்பா எழுதியது:

நல்ல தகவல். ஆனால் ஒரு கேள்வி. பெயரில் விதி இருப்பதால் குழந்தைக்கு என்ன கிடைக்கிறது? என் பையன் பிரிட்டன் பதிப்பில்தான் படித்தான். ஒரு குறையும் இல்லை. ஜெர்மன் மொழியில் இதே முதல் புத்தகத்துக்கு 'டைனோசர்களின் பள்ளத்தாக்கில்' என்பதுதான் பொருள். அங்கும் நேரத்தை விட்டுவிட்டார்கள், ஒலியையும் விட்டுவிட்டார்கள், குழந்தைகள் படித்துக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

சொல்லப்போனால் 'டைனோசர்களின் பள்ளத்தாக்கு' என்றால் எங்கே போகப்போகிறோம் என்று தெரிகிறது. 'இருட்டுவதற்கு முன்' என்றால் என்ன தெரிகிறது? எட்டு வயதுப் பிள்ளைக்கு இடம்தான் முதலில் வேண்டும்.

மேலூர் தமிழாசிரியர் எழுதியது:

இந்த இழையை இரண்டு முறை படித்தேன். முப்பது ஆண்டுக்கும் மேல் வகுப்பில் அகத்திணை நடத்தியவன் என்பதால் ஒன்று சொல்ல அனுமதியுங்கள்.

அண்ணாநகர் ஐயா இடம் என்கிறார். அனுப்பானடி அம்மாவின் மகள் நேரம் என்கிறாள். தொல்காப்பியர் இரண்டையும் ஒரே மூச்சில் வைத்திருக்கிறார்: "முதல் எனப்படுவது நிலம்பொழுது இரண்டின் இயல்பு". ஒரு பாட்டு எங்கே நடக்கிறது, எப்பொழுது நடக்கிறது என்ற இரண்டும்தான் முதற்பொருள். அதன் பிறகுதான் விலங்கும் பறவையும் மரமும் கருப்பொருளாக உள்ளே வரும்.

இப்போது தலைப்புகளைத் திரும்பப் பாருங்கள். அமெரிக்கப் பெயர் ஒரு கருப்பொருளையும் பொழுதையும் எடுத்துக்கொண்டது. டைனோசர், இருட்டு. பிரிட்டன் பெயர் பொழுதை எடுத்துவிட்டு நிலத்தை வைத்தது. பள்ளத்தாக்கு, கோட்டை, பிரமிடு. முதற்பொருளின் இரு பாதிகளை இரு நாட்டார் பங்கு போட்டுக்கொண்டது போல இருக்கிறது. எது உயர்வு என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் இந்தத் தொடருக்குப் பொழுதே பொருத்தம் என்று நினைக்கிறேன். காரணம், இந்தப் பிள்ளைகள் எத்தனை நாள் எங்கே சுற்றினாலும் திரும்பி வரும்போது ஊரில் நேரமே நகர்ந்திருக்காது என்று என் பேத்தி சொன்னாள். காலத்தைத் தாண்டுவதுதான் கதை என்றால், காலம்தான் பெயரிலும் நிற்க வேண்டும்.

இன்னொன்றும் கண்ணில் படுகிறது. கீழமாசி சொன்ன முதல் 12 பெயர்களில் வருவதெல்லாம் சிறுபொழுது. நாம் மாலை, யாமம், வைகறை, காலை, நண்பகல், எற்பாடு என்று ஆறாகப் பிரிப்போமே, அதே கணக்கு. மெர்லின் பயணங்களில் பருவம் வருகிறதா என்று யாராவது பார்த்துச் சொல்லுங்கள். வந்தால் அது பெரும்பொழுது.

கீழமாசி எழுதியது:

ஐயா, வருகிறது. 'சம்மர் ஆஃப் த சீ சர்ப்பென்ட்', 'வின்டர் ஆஃப் த ஐஸ் விசார்ட்', 'சீசன் ஆஃப் த சாண்ட்ஸ்டார்ம்ஸ்'. மூன்றும் 2004, 2005-இல் வந்தவை. இரண்டு வரிசையையும் இப்படிச் சிறுபொழுது, பெரும்பொழுது என்று நான் யோசித்ததே இல்லை. மெர்லின் வரிசையில் இரவும் கிழமையும்கூட வருகின்றன, சுத்தமான பிரிவு என்று சொல்ல முடியாது. ஆனால் பருவம் பெயருக்குள் அதிகம் வருவது அந்த வரிசையில்தான்.

அண்ணாநகர் அப்பாவுக்கு ஒரு சேர்க்கை. பிரிட்டன் பெயர்களில் பொழுது போனாலும் ஒலி எல்லா இடத்திலும் போகவில்லை. 'அட்வென்ச்சர் ஆன் த அமேசான்', 'டைவிங் வித் டால்ஃபின்ஸ்', 'லயன்ஸ் ஆன் த லூஸ்' எல்லாம் ஒத்த ஒலிதான். அவர்களும் காதை விடவில்லை.

ஒத்தக்கடை வாசகர் எழுதியது:

பெயரில் விதி எதற்கு என்ற கேள்விக்கு என் அனுபவம். நான் எனிட் பிளைட்டன் படித்து வளர்ந்தவன். ஃபேமஸ் ஃபைவ் 1942-இலிருந்து 1963 வரை 21 புத்தகம், அத்தனை பெயரும் 'ஃபைவ்' என்ற சொல்லில்தான் தொடங்கும். அட்வென்ச்சர் வரிசை எட்டும் 'ஆஃப் அட்வென்ச்சர்' என்று முடியும், தீவு, கோட்டை, பள்ளத்தாக்கு, கடல் என்று முன்னால் இடம் மட்டும் மாறும். சீக்ரெட் செவன் 15-இல் அந்தப் பெயர் முன்னாலும் வரும், பின்னாலும் வரும், ஆனால் எங்காவது இருக்கும். பள்ளி நூலகத்தில் அலமாரிக்கு முன்னால் தலையைச் சாய்த்துக்கொண்டு நிற்பேன். முதுகுகளைப் படித்துக்கொண்டே போகையில் 'ஃபைவ்' தட்டுப்பட்டால் கை தானாக நீளும். ஆசிரியர் பெயர் அப்போது எனக்குத் தெரியாது. பெயர் அமைப்புதான் அடையாளம்.

ஆனால் அது ஒரு முத்திரை மாதிரி. எல்லாப் புத்தகத்திலும் ஒரே சொல் குத்தியிருக்கும். மேஜிக் ட்ரீ ஹவுஸ் அப்படி இல்லை. அதில் எல்லாப் பெயரிலும் திரும்ப வரும் சொல் ஒன்றுகூட இல்லை, விதி மட்டும்தான் திரும்ப வருகிறது. அதைக் குழந்தை தானாகக் கண்டுபிடிக்க வேண்டும். அக்கா, உங்கள் மகள் கண்டுபிடித்தாளே, அந்த ஒரு நிமிடம்தான் லாபம். பெயரை மாற்றிப் போட்ட பதிப்பைப் படிக்கிற பிள்ளைக்குக் கதை முழுதாகக் கிடைக்கும். இது கிடைக்காது.

அண்ணாநகர் அப்பா எழுதியது:

சரி, அதை ஒப்புக்கொள்கிறேன். என் பையனிடம் நேற்று இரவு அமெரிக்கப் பெயர்களை மட்டும் எழுதிக் கொடுத்து "இதில் என்ன தெரிகிறது?" என்று கேட்டேன். ஏழாவது பெயரில் கண்டுபிடித்தான். அதன் பிறகு தூங்கவே இல்லை, 'நாமளும் வைக்கலாம்' என்று ஆரம்பித்துவிட்டான்.

அப்படியானால் தமிழில் எப்படி வைப்பது? நேராக மொழிபெயர்த்தால் ஒலி போய்விடுகிறதே. 'டைகர்ஸ் அட் ட்விலைட்', அது நம் நாட்டில் நடக்கிற கதை. நான் 'மாலையில் வேங்கை' என்று வைத்துப் பார்த்தேன். ம–வ மோனை என்று பள்ளியில் படித்த ஞாபகம்.

மேலூர் தமிழாசிரியர் எழுதியது:

மகிழ்ச்சி. ஆனால் அரை மதிப்பெண்தான்.

மகரமும் வகரமும் மோனைக்கு இனம், அது சரி. சகரமும் தகரமும் இனம், ஞகரமும் நகரமும் இனம். ஆனால் மெய் மட்டும் ஒத்தால் போதாது, அதன் மேல் ஏறிய உயிரும் இனமாக இருக்க வேண்டும். அ, ஆ, ஐ, ஔ ஒரு குடும்பம். இ, ஈ, எ, ஏ ஒரு குடும்பம். உ, ஊ, ஒ, ஓ ஒரு குடும்பம். 'மா'வுக்கு ம, மை, வ, வா, வை வரலாம். 'வே' வேறு குடும்பம்.

ஆகவே 'மாலையில் வரிப்புலி' என்று வையுங்கள். மா, வ. காதுக்கும் நிறைவாக இருக்கிறது, பிள்ளைக்குக் கோடு போட்ட புலி கண்ணிலும் தெரிகிறது.

இதில் இன்னொரு சுவை உண்டு. புலி குறிஞ்சிக்கு உரியது, குறிஞ்சியின் பொழுது யாமம். மாலை முல்லைக்கு உரியது. அப்படியானால் பிழையா? இல்லை. நிலம் மயங்கக் கூடாது, பொழுது மயங்கலாம் என்று தொல்காப்பியர் இடம் கொடுத்திருக்கிறார். மாலையில் புலி வரலாம்.

பாம்பன் பையன் எழுதியது:

வணக்கம். பத்து வருடமாக மதுரையில் வேலை, சொந்த ஊர் பாம்பன். ஐயா சொன்ன உயிர்க் குடும்பத்தைப் பார்த்ததும் ஒன்று தோன்றியது.

'டால்ஃபின்ஸ் அட் டேபிரேக்'. எங்கள் பக்கம் டால்பினை ஓங்கில் என்றுதான் சொல்வார்கள். அப்பா விடியற்காலை கடலுக்குப் போகும்போது வள்ளத்துக்கு முன்னால் ஓங்கில் துள்ளும் என்பார். 'உதயத்தில் ஓங்கில்'. உ, ஓ ஒரே குடும்பம். சரியா ஐயா?

அப்புறம் 28-ஆவது புத்தகம் 'ஹை டைட் இன் ஹவாய்'. அதில் நேரம் இல்லை என்று சிலர் சொல்லக்கூடும். எங்களுக்கு அது நேரம்தான். கடல் ஏறுவதும் வற்றுவதும்தான் எப்போது போகலாம், எப்போது வரலாம் என்பதைச் சொல்லும். சுவர்க் கடிகாரம் அதற்கு அப்புறம்தான்.

மேலூர் தமிழாசிரியர் எழுதியது:

தம்பி, முழு மதிப்பெண். அகராதியைப் புரட்டியிருந்தாலும் எனக்கு அந்தச் சொல் அந்த இடத்தில் வந்திருக்காது. ஆங்கிலத்திலும் 'டைட்' என்ற சொல்லுக்குப் பழைய பொருள் காலம் என்பதே. 'நூன்டைட்' என்றால் நண்பகல் வேளை. நீங்கள் கடலில் கண்டதும் அதுவும் ஒன்றுதான்.

கீழமாசி எழுதியது:

ஆளுக்கொன்றாகப் போட்டுப் பார்ப்போமா? எனக்கு ஓடியவை இவை.

'போலார் பேர்ஸ் பாஸ்ட் பெட்டைம்': 'படுக்கும் நேரத்தில் பனிக்கரடி'. இது தானாக விழுந்தது, மாற்ற ஒன்றுமில்லை. 'பஃபலோ பிஃபோர் பிரேக்ஃபாஸ்ட்': 'காலைப் பலகாரத்துக்கு முன் காட்டெருமை'. நீளம், ஆனால் நம் வீட்டுச் சொல். 'மிட்நைட் ஆன் த மூன்': 'நிலவில் நிசி'. 'சிவில் வார் ஆன் சன்டே': 'ஞாயிறன்று நாட்டுப்போர்', ஞா–நா. உள்நாட்டுப் போரை நாட்டுப்போர் என்று சுருக்கலாமா தெரியவில்லை, ஐயா சொல்லட்டும்.

மாட்டிக்கொண்டது 'ட்விஸ்டர் ஆன் டியூஸ்டே'. அது கான்சாஸ் புல்வெளியில் சூறாவளி அடிக்கும் கதை. 'செவ்வாயில் சூறாவளி' என்று வைத்தால் மோனையும் உதைக்கிறது, படிப்பவர்கள் செவ்வாய்க் கிரகம் என்றும் நினைப்பார்கள்.

'லயன்ஸ் அட் லஞ்ச்டைம்' எடுத்தால் 'சாப்பாட்டு நேரத்தில் சிங்கம்' வராது, சா–சி. 'சிற்றுண்டி நேரத்தில் சிங்கம்' மோனைக்குச் சரி, ஆனால் மதியச் சாப்பாடு டிபனாகிவிடுகிறது.

அனுப்பானடி அம்மா எழுதியது:

சிங்கத்தை என் மகளிடம் கேட்டேன். "சிங்கத்துக்கு எதுவுமே சிற்றுண்டிதானே" என்றாள். எனக்கு அதுவே போதும் என்று தோன்றுகிறது.

'மம்மீஸ் இன் த மார்னிங்'குக்கு நான் 'வைகறையில் மம்மி' என்று வைத்தேன், வை–ம ஒத்து வரும் என்று. அதற்கு மட்டும் ஒப்புக்கொள்ளவில்லை. அவள் வகுப்பில் பாதிப் பேர் அம்மாவை மம்மி என்று கூப்பிடுகிறார்கள். யாருடைய அம்மா காலையில் எழுந்தார் என்று கேட்கிறாள்.

ஒத்தக்கடை வாசகர் எழுதியது:

எல்லாம் சரி, முதல் புத்தகத்தை யாரும் தொடவில்லையே. டைனோசருக்கு என்ன செய்வது? 'டை'யில் தொடங்கும் தமிழ்ப் பொழுதுப் பெயர் எதுவும் எனக்கு நினைவுக்கு வரவில்லை.

மேலூர் தமிழாசிரியர் எழுதியது:

வராது. டகரம் தமிழில் மொழிக்கு முதலில் வரும் எழுத்தே இல்லை. டைனோசரும் டைட்டானிக்கும் நம் மோனைக்கு வெளியே நிற்பவை. அதனால்தான் 'டுநைட் ஆன் த டைட்டானிக்' என்பதையும் கீழமாசி தம்பி விட்டுவிட்டார் என்று நினைக்கிறேன்.

ஆனால் டைனோசர் என்ற சொல்லே கிரேக்கத்தில் அச்சமூட்டும் பல்லி என்ற பொருளில் அமைந்தது. ஆகவே 'இருட்டும் முன் இராட்சதப் பல்லி'. இ, இ. பொழுது உண்டு, மோனை உண்டு, மூலச் சொல்லின் பொருளும் உண்டு.

நாட்டுப்போர் பற்றிக் கேட்டார்கள். மோனைக்காகப் பொருளை வெட்டக் கூடாது. நாட்டுப்போர் என்றால் இரு நாட்டுக்கு இடையில் நடப்பதாகவும் படும். அந்தக் கதையில் வருவது ஒரே நாட்டார் தமக்குள் மோதிக்கொண்ட போர். அதை விட்டுவிட்டு வேறு தேடுவோம்.

அண்ணாநகர் அப்பா எழுதியது:

ஐயா, 'இராட்சதப் பல்லி'யை என் பையன் ஏற்க மாட்டேன் என்கிறான். டைனோசர் பல்லி இல்லை, பறவைக்குத்தான் நெருங்கிய சொந்தம் என்று புத்தகத்தைக் கொண்டுவந்து காட்டுகிறான். அவன் சொல்வது அறிவியல்படி சரி. பழைய பெயரை வைத்தால் பிழையான செய்தி போய்ச் சேரும் என்கிறான்.

எனக்கும் அவன் பக்கம் நியாயம் தெரிகிறது. குழந்தைகள் புத்தகத் தலைப்பில் அழகுக்காகத் தவறு நுழையக் கூடாது.

மேலூர் தமிழாசிரியர் எழுதியது:

பையனிடம் என் வணக்கத்தைச் சொல்லுங்கள். நான் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். போருக்கு நான் சொன்ன நியாயம்தான் பல்லிக்கும்.

அப்படியானால் எதுகை இருக்கிறது. முதலெழுத்தை விட்டு இரண்டாம் எழுத்தைப் பிடிப்பது. ஆங்கிலத் தலைப்புகளிலேயே 'கோஸ்ட் டவுன் அட் சன்டவுன்' முதலெழுத்தில் ஒத்துவரவில்லை, கடைசியில் ஒத்து வருகிறது. நம் கணக்கில் அது இயைபு. 'ஸ்டேஜ் ஃபிரைட் ஆன் எ சம்மர் நைட்' மோனையும் இயைபும் சேர்ந்தது. மூலத்திலேயே ஒரே வகைக் கட்டு இல்லை என்னும்போது, நாம் ஒரே மோனையில் எல்லாவற்றையும் அடைக்கப் பார்ப்பது நம் பேராசை. டைனோசருக்கு மட்டும் விதிவிலக்குக் கொடுத்து, பொழுதை மட்டும் காப்பாற்றி, 'இருட்டும் முன்னே டைனோசர்' என்று விட்டுவிடலாம்.

கீழமாசி எழுதியது:

எனக்குச் சம்மதம். இங்கே ஒன்று கவனியுங்கள். ஆங்கிலத்தில் பெரும்பாலும் விலங்கு முன்னால் வருகிறது, நேரம் பின்னால் வருகிறது. நாம் வைத்ததில் எல்லாம் நேரம் முன்னால், விலங்கு பின்னால். 'மாலையில்' என்று படித்து ஒரு நொடி நின்று, அப்புறம் 'வரிப்புலி'. யார் வரப்போகிறார் என்பது கடைசியில்தான் தெரிகிறது. சிறுவர் புத்தகத்துக்கு இந்த வரிசை இன்னும் நன்றாக இருக்கிறது என்பது என் கருத்து.

ஹாரி பாட்டர் தமிழில் வந்தபோது 'ஹாரி பாட்டரும் ரசவாதக் கல்லும்' என்று வைத்தார்கள் இல்லையா, 'உம்', 'உம்' என்று இரண்டு பக்கமும் கட்டி. ஆங்கிலத்தில் இல்லாத ஓர் அமைதி அதில் வந்தது. அதே மாதிரிதான் இதுவும்.

ஒத்தக்கடை வாசகர் எழுதியது:

ஜாக்கும் ஆனியும் மதுரைக்கு வந்தால்? இத்தனை ஊர் போனவர்கள் இங்கே வந்ததில்லை. பிள்ளைகள் தாங்களே எழுதட்டும் என்று சும்மா பெயர் மட்டும் யோசித்தேன். எங்கள் வீட்டு மாடியில் நின்றால் தெரிவது 'யாமத்தில் யானைமலை'. அழகர்கோவில் ரோட்டில் போனால் 'அந்தியில் அழகர்மலை'. 'நண்பகலில் நாயக்கர் மகால்'. 'கிழக்கு வெளுக்கையில் கீழடி'. ஊர்ப் பெயர்களே பொழுதோடு கை கோத்துக்கொண்டு வருகின்றன. ஒரு மணி நேரத்தில் பத்து எழுதிவிட்டேன்.

மேலூர் தமிழாசிரியர் எழுதியது:

வரத்தானே செய்யும். கடைத்தெருவுக்கே பொழுதை வைத்துப் பெயரிட்ட ஊர் இது. பகலில் கூடுவது நாளங்காடி, இரவில் கூடுவது அல்லங்காடி. மாங்குடி மருதனார் மதுரைக்காஞ்சியின் 782 அடிகளுக்குள் பகலில் தொடங்கி, அந்தி, யாமம், விடியல் என்று ஒரு நாள் முழுக்க இந்தத் தெருக்களில் நடந்து காட்டியிருக்கிறார். மழைக்காலத்தின் பெயரையும் பாட்டின் எண்ணிக்கையையும் சேர்த்துக் 'கார் நாற்பது' என்று நூலுக்குப் பெயர் அமைந்ததே, அதைப் பாடியவரும் மதுரைக் கண்ணங்கூத்தனார்தான்.

பிள்ளைகளுக்கு என் பங்கு: 'அல்லங்காடியில் ஆனி'. இரவுக் கடைத்தெருவில் அந்தப் பெண் தொலைந்துபோகட்டும். எப்படிக் கண்டுபிடிப்பது என்பதை அவர்கள் எழுதட்டும். ஆனி நம் மாதத்தின் பெயரும் ஆவதால் தலைப்பில் பொழுது இரண்டு தடவை வந்துவிடுகிறது.

அனுப்பானடி அம்மா எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. இரண்டு நாளாக இங்கே எழுத முடியவில்லை, காரணம் வீட்டில் ஒரு புத்தகம் தயாராகிக்கொண்டிருக்கிறது.

நீங்கள் எழுதிய பெயர்களை எல்லாம் வாசித்துக் காட்டினேன். அவள் எதையும் எடுத்துக்கொள்ளவில்லை. சித்திரைத் திருவிழாவில் அழகர் ஆற்றில் இறங்குவதைப் பார்க்க இருட்டோடு கிளம்பிப் போனோம், அவள் அப்பா தோளில் உட்கார்ந்திருந்தாள். அது ஞாபகம் வந்து, "அது என்ன நேரம்மா?" என்று கேட்டாள். வைகறை என்றேன். கொஞ்ச நேரம் வாய்க்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்துவிட்டு, பழைய கணக்கு நோட்டின் அட்டையில் எழுதினாள்: 'வைகறையில் வைகை'. ஐயா, இரண்டு சொல்லும் ஒரே எழுத்தில் தொடங்குவதை நான் சொல்லித் தரவில்லை.

இரண்டு அத்தியாயம் முடிந்திருக்கிறது. ஜாக் தண்ணீர்ப் பீச்சலில் நனைந்து மூக்குக் கண்ணாடியைத் தொலைத்துவிட்டான். வெட்டிவேர் வாசனை எப்படி இருக்கும் என்று ஆனி கேட்கும் இடத்தில் இப்போது நிற்கிறது. முதுகில் 1 என்று எண்ணும் போட்டாயிற்று.

இரண்டாவதுக்கு ஒத்தக்கடைத் தம்பி சொன்ன யானைமலைதான் வேண்டுமாம். ஆனால் யாமம் என்றால் என்னவென்று பார்த்துவிட்டுத்தான் எழுதுவாளாம், அதனால் ஒரு நாள் இருட்டின பிறகு மலைக்கு எதிரே கொஞ்ச நேரம் நிற்கவேண்டும் என்கிறாள். தம்பி, நரசிங்கம் கோவில் பக்கம் வண்டியை நிறுத்தினால் மலை முழுதாகத் தெரியுமா, இல்லை ரோட்டுப் பக்கமே நல்லதா?

ஒத்தக்கடை வாசகர் எழுதியது:

கோவில் பக்கம் வேண்டாம் அக்கா, அங்கே பாறைக்கு ரொம்பக் கிட்டே போய்விடுவீர்கள், யானை தெரியாது. ரோட்டுப் பக்கம் தள்ளி நின்றால்தான் தும்பிக்கை வரை தெரியும். பௌர்ணமியை ஒட்டி வாருங்கள். எங்கள் வீட்டு மாடிக்கே வரலாம், என் அம்மாவும் இருப்பார்கள்.